அயர்ன்பாக்ஸ் பிளக்கிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி: எனக்கு 44 வயது. கல்லூரி நாளில் ஈரக்கையோடு அயர்ன்பாக்ஸைத் தொட்டு ஷாக் அடித்ததிலிருந்து கரண்ட் என்றாலே நடுக்கம். கணவருக்கு வெளியூரில் வேலை. பல்பு மாற்றக்கூடப் பக்கத்து வீட்டுத் தம்பியைத்தான் கூப்பிடுகிறேன். இந்தப் பயம் போக என்ன வழி?
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: சகோதரி, முப்பது வருடமாக வயரிங் வேலை செய்கிறேன். 230 வோல்ட்டுக்குப் பயப்படாத பையனை நான் உதவிக்கு வைத்துக்கொள்வதில்லை. உங்கள் பயம் இருக்கட்டும், கை பழகட்டும்.

அந்த அயர்ன்பாக்ஸ் பிளக்கிலேயே தொடங்குங்கள். சுவரிலிருந்து உருவிவிட்டால் அதில் கரண்ட் வர வழியே கிடையாது. மேசையில் வைத்துத் திருகைக் கழற்றுங்கள். (திறக்க முடியாத பிளக் என்றால் திருகு வைத்த வேறொன்றை எடுங்கள்.) உள்ளே எல் (பேஸ், கரண்ட் வரும் வழி), என் (நியூட்ரல், அது திரும்பும் வழி), ஈ (எர்த்) என்று போட்டிருக்கும். எல்லுக்குச் சிவப்பு அல்லது பிரவுன் வயர், என்னுக்குக் கறுப்பு அல்லது நீலம், ஈக்குப் பச்சை. பெரிய பின்தான் எர்த். அது ஏன் நீளம் தெரியுமா? செருகும்போது எர்த் முதலில் சேர வேண்டும், உருவும்போது கடைசியில் விட வேண்டும். பெட்டியின் இரும்பில் கசியும் கரண்ட் உங்கள் உடம்பைத் தேடாமல் அந்த வழியே இறங்கிவிடும். ஒரு இழைகூட வெளியே நீட்டாமல் முறுக்கித் திருகி மூடுங்கள். நாலைந்து முறை செய்தால் வயரைப் பார்க்கும் கண்ணே மாறிவிடும்.

அப்புறம் பல்பு. நான் உதவியாளாக இருந்தபோது ஒரு வீட்டில் சுவிட்சை மட்டும் ஆஃப் செய்துவிட்டு ஹோல்டரில் கை வைத்தேன். ஏணியிலிருந்து கீழே விழுந்தேன். சுவிட்சை பேஸில் போடாமல் நியூட்ரலில் போட்டிருந்தார்கள். அப்படிப்பட்ட வீட்டில் விளக்கு அணைந்திருந்தாலும் ஹோல்டரில் கரண்ட் நிற்கும். அதனால் பகலிலேயே மெயினை இறக்கிவிட்டு மாற்றுங்கள். இன்வெர்ட்டர் இருந்தால் அதையும் சேர்த்து ஆஃப் செய்ய வேண்டும். இதை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். மெயினை இறக்குவதற்கு முன் ஏதாவது ஒரு பிளக் பாயின்டில் டெஸ்டர் எரிகிறதா என்று பாருங்கள், இறக்கிய பிறகு ஹோல்டரில் வையுங்கள். டெஸ்டரை மட்டும் நம்பி மெயினை விட்டுவிடாதீர்கள். மர ஸ்டூலில் நின்றால் அது மங்கும், சில நேரம் எரியாமலே போகும்.

ஒரு செலவு மட்டும் தள்ளிப்போடாதீர்கள். எம்.சி.பி. (லோடு கூடினாலோ ஷார்ட் ஆனாலோ தானாக இறங்கும் சுவிட்ச்) இருக்கிறதே என்று இருக்க வேண்டாம், அது வயரைத்தான் காப்பாற்றும். ஆளைக் காப்பாற்ற 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் சுவிட்ச்) வேண்டும். இல்லையென்றால் போடச் சொல்லுங்கள். இருந்தால் அதிலுள்ள டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்துங்கள், உடனே ட்ரிப் ஆக வேண்டும்.

முதல் தடவை பல்பு மாற்றும்போது அந்தத் தம்பியை மெயின் பக்கத்தில் நிற்கச் சொல்லுங்கள், யாரும் தெரியாமல் போட்டுவிடக் கூடாது. இந்தச் சுவிட்சுகள் இருக்கும் டி.பி. பெட்டியின் மூடியைக் கழற்றி உள்ளேயும், மீட்டர் பக்கமும் மட்டும் கை வைக்காதீர்கள். அது உரிமம் பெற்ற வயர்மேன் வேலை.