பழைய கார் கம்மி வெலைக்கு வருதுன்னு வாங்கிப்போடலாமா?

இங்கிலாந்துல கவென்ட்ரி ஊருக்கு வந்து நாலு மாசம் ஆச்சு, ஆபீஸ் நடந்து போற தூரம், ஊட்டுலயும் வேலைக்கு பஸ்லயே போயிக்கறாங்க, கூட வேலை செய்யறவரு ஊரைக் காலி பண்றதால அவரோட 2011 டீசல் காரை 1,400 பவுண்டுக்குத் தர்றேங்கறாரு, வாங்கட்டுமான்னு கேட்டிருக்கீங்க பெருந்துறை தம்பி. நான் காங்கயம், இங்க வந்து நெம்ப வருஷமாச்சு. கேட்டா இப்ப வேண்டாம்னு தானுங்க சொல்லுவேன்.

1,400 மட்டும்னா நானே வாங்குங்கன்னு சொல்லிருவேன். இடிக்கறது இன்சூரன்ஸ் தான். குடி வந்த நாள்ல இருந்து 12 மாசம் நம்மூரு லைசென்ஸ்ல ஓட்டலாம், ஆனா கோயமுத்தூர் அவினாசி ரோட்டுல இத்தனை வருஷம் ஓட்டுனேன்னு சொன்னாலும் இன்சூரன்ஸ்காரங்க பெருசா எடுத்துக்க மாட்டாங்க, காரோட வெலையத் தாண்டி பிரீமியம் கேட்டாலும் கேப்பாங்க. வண்டி நம்பரைப் போட்டு இன்சூரன்ஸுக்கு எவ்வளவு கேக்கறாங்கன்னு முதல்ல ஒரு கொட்டேஷன் எடுத்துப் பாருங்க, பாதி ஆசை அங்கயே போயிரும். 12 மாசம் முடிஞ்சா அந்த லைசென்ஸ் இங்க செல்லாது, மாத்திக் குடுக்கவும் மாட்டாங்க, புரொவிஷனல்ங்கற பழகுநர் லைசென்ஸ் எடுத்து தியரி, பிராக்டிகல் ரெண்டும் பாஸ் பண்ணோணும், டெஸ்ட் தேதி கெடைக்கறதுக்கே மாசக்கணக்குல ஆகுது. கார் காசை அதுல போடுங்க.

எப்பவாச்சும் எடுக்கலாம், மத்த நாள் சும்மா நிக்கட்டும்னு எழுதியிருக்கீங்க. ஊர்ல தோப்புக்குள்ள கவரைப் போட்டு விட்டா யாரும் கேக்க மாட்டாங்க. இங்க ரோட்டுல நிக்கற காருக்கு ஓட்டுனாலும் ஓட்டாட்டியும் டேக்ஸும் இன்சூரன்ஸும் இருந்தே ஆகோணும், இல்லாட்டி வண்டி ரெஜிஸ்ட்ரேஷன் பாக்கற டிவிஎல்ஏ ஆபீஸுக்கு ஓட்டலைன்னு சோர்ன்ங்கற அறிவிப்பைக் குடுத்துட்டு சொந்த எடத்துக்குள்ள நிறுத்தோணும், பிளாட்டுல இருக்கறவங்களுக்கு அதுக்கு எங்க போறது. இன்னொண்ணு, வித்தவரு கட்டுன டேக்ஸ் உங்களுக்கு வராது, எடுத்துட்டு வர்ற அன்னைக்கே உங்க பேர்ல கட்டோணும்.

அதுலயும் டீசல். புகைக்கரியப் புடிச்சு வெக்கற டிபிஎஃப்னு ஒரு ஃபில்டர் இருக்கும், அந்தக் கரி எரிஞ்சு போகோணும்னா வண்டி நல்லா சூடேறி கொஞ்ச நேரம் வேகமா ஓடோணும், வாரம் ஒருக்கா கடைக்குப் போயி அரிசி மூட்டை எடுத்தாந்தா அது அடைச்சுக்கும். எங்க தெருவுல திருப்பூர் மாப்ள ஒருத்தரு இருக்காரு, டேஷ்போர்டுல மஞ்ச லைட்டு எரிஞ்சா ஒரு வேலையும் இல்லாம ஞாயித்துக்கெழம மோட்டார்வேல பக்கத்து ஊரு ரக்பி வரைக்கும் போயிட்டுத் திரும்பி வருவாரு, லைட்டு அணையோணுமாம். பர்மிங்காம் சென்டருக்குள்ள போனா அந்த வயசு டீசலுக்குப் புகைக்கான கட்டணம்னு பெரும்பாலும் நாளைக்கு 8 பவுண்டு, லண்டன்னா 12.50.

அப்படியும் மனசு கேக்கலைன்னா எம்ஓடிங்கற வருஷாந்திர வண்டி டெஸ்ட்டோட ஹிஸ்டரி பாருங்க, நம்பரைப் போட்டா அரசாங்க வெப்சைட்டுல ஓசியாவே வரும். கண்ணபுரம் சந்தையில பல்லைப் புடிச்சுப் பாத்து, சுழி பாத்து மாடு வாங்கறவங்க நாம, இங்க சுழியெல்லாம் அந்த வெப்சைட்டுல தான் இருக்கு. பாஸுன்னு இருக்கறத மட்டும் பாத்துட்டு மூடிராதீங்க, கீழ அட்வைசரின்னு, பாஸானாலும் கவனிக்கோணும்னு எழுதியிருக்கற கொறைங்களப் படிங்க. துருன்னு ஒரு வருஷம் எழுதி, அடுத்த வருஷமும் அதையே எழுதியிருந்தா அந்தாளு செலவே பண்ணலைன்னு அர்த்தம். குளிர்காலத்துல ரோட்டுல உப்பைக் கொட்டறாங்களா, மேல பளபளன்னு இருக்கும், அடியில அரிச்சுப் போயிருக்கும். வெக்கப்படாம முட்டி போட்டு டார்ச் அடிச்சுப் பாருங்க, கதவுக்குக் கீழ ஓரத்துல அமுக்கறப்ப செதில் செதிலா உதுந்துச்சுன்னா வந்துருங்க.

பர்மிங்காம் பக்கத்துல டிவிடேல் பாலாஜி கோயிலுக்கு, பீச்சுக்குன்னு போறதுக்கு ரெண்டு நாள் வாடகைக்கு எடுத்துக்கலாம். ரயில்னா நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து டூ டுகெதர் ரயில்கார்டு எடுத்தா டிக்கெட்ல மூணுல ஒரு பங்கு கொறையும், வாரநாள் காலையில ஒம்பதரைக்கு முன்னாடி மட்டும் செல்லாது.

யூகே போயும் காரில்லையான்னு ஒரம்பரைங்க கேப்பாங்க தான், கேக்கட்டும், பிரீமியம் அவங்களா கட்டப்போறாங்க. நாளைக்கு ஊட்டுல நைட் ஷிஃப்ட் வந்துச்சு, இல்ல கொழந்தைன்னு ஆச்சுன்னா அது வேற கதை, அப்ப சின்ன பெட்ரோல் வண்டியா பாக்கலாம். சனிக்கெழமையா இருந்தா கூப்புடுங்க, நானும் கூட வர்றேன்.