விமானத்தின் பின் இருக்கையில் ஒரு வேலை: மகள் போகலாமா?

ஏர்போர்ன் சென்சார் ஆபரேட்டர் ஆக வேண்டும் என்று மகள் பிடிவாதமாக இருக்கிறாள், ட்ரோன்கள் பெருகிவிட்ட காலத்தில் இந்த வேலை நிலைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் பயம் நியாயமானது. வேலை இருக்கும். ஆனால் அவள் பணியில் சேரும்போது அதன் முகம் மாறியிருக்கும்.

சர்வே விமானத்தின் அடிப்பகுதியில் வெட்டிய திறப்பின் மேல் லைடாரும் கேமராவும் பொருத்தியிருக்கும். பைலட்டுக்குப் பின்னால், திரையை விட்டுக் கண் எடுக்காமல் உட்கார்ந்திருப்பவர்தான் ஆபரேட்டர். லைடார் வினாடிக்குப் பல லட்சம் லேசர் துடிப்புகளைக் கீழே அனுப்பி, அவை திரும்பிவரும் நேரத்தைக் கொண்டு நிலத்தின் மேடுபள்ளத்தை அளக்கும். எந்த இடத்தில் படம் எடுப்பது என்பதை இப்போது மென்பொருளே பார்த்துக்கொள்கிறது. சிறிய பரப்புகள் ட்ரோனுக்குப் போய்விட்டன. சில கருவிகளைத் தரையில் இருந்தபடியே இயக்குகிறார்கள். பட்டனை அழுத்த மட்டும் தெரிந்தவருக்கு இனி இடம் குறைவு. இதை உங்களிடம் மறைக்க மாட்டேன்.

இயந்திரத்திடம் முழுதாக விட முடியாத ஒன்று இருக்கிறது. நிலத்தின் மேல் வரிசை வரிசையாகப் பறந்துதான் அளப்பார்கள்; அடுத்தடுத்த இரண்டு பறப்பு வரிசைகளுக்கு நடுவே அளக்காத இடைவெளி விழுந்துவிட்டது என்று வையுங்கள். தரையிறங்கிய பிறகு அது தெரியவந்தால் விமானம், எரிபொருள், தெளிந்த வானம் மூன்றும் மறுபடி கூடிவர வேண்டும். மேலே இருக்கும்போதே கவனித்து, "அந்த வரிசையை இன்னொரு முறை போவோம்" என்று சொல்பவருக்குத்தான் மதிப்பு. திருப்பத்தில் விமானம் அதிகம் சாய்ந்தால் இறக்கை மறைத்து, விமானம் இருக்கும் இடத்தைச் சொல்லும் செயற்கைக்கோள் சிக்னல் அறுந்துபோகலாம். மெல்லத் திரும்புங்கள் என்று பைலட்டிடம் சொல்வதும் அவர் பொறுப்பே.

புது வாய்ப்புகள் கருவிகளின் வழியாகத்தான் வருகின்றன. நாசாவின் அவிரிஸ் கருவி 1987லேயே ஒரே காட்சியை 224 அலைநீளப் பட்டைகளாகப் பிரித்துப் பதிந்தது. அந்த வகைக் கருவிகள் இன்று மீத்தேன் கசிவையும் பாறையிலுள்ள கனிமத்தையும் தேடப் பறக்கின்றன. ஆழம் குறைந்த கடலின் அடித்தளத்தை அளக்க 532 நானோமீட்டர் பச்சை லேசர் உண்டு. காட்டுத்தீயின் எல்லையைப் புகைக்கு ஊடே காட்ட வெப்பக் கேமரா. ஒவ்வொன்றுக்கும் அதன் இயற்பியல் தெரிந்த ஆள் வேண்டும்.

அதனால் மகள் சர்வே, புவித்தகவலியல், இயற்பியல், மின்னணுவியல் எதைப் படித்தாலும் சரி, தரவைச் சீர்செய்யும் வேலையையும் சேர்த்துக் கற்கட்டும். அமெரிக்க அரசின் நிலவியல் ஆய்வு அமைப்பான யுஎஸ்ஜிஎஸ் தன் லைடார் தரவை இலவசமாகவே தருகிறது. அதில் ஒரு துண்டை இறக்கி, தரை எது, மரம் எது என்று பிரித்துப் பழகட்டும். பைத்தான் நிரல்மொழியும் கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளும் தெரிந்தால், விமானத்தில் ஏறாத நாளிலும் கையில் வேலை இருக்கும். ட்ரோன் உரிமமும் எடுத்து வைக்கட்டும்.

மாதக்கணக்கில் வெளியூர்த் தங்கல், வானம் தெளியக் காத்திருப்பு, இதெல்லாம் உண்டு. அதைவிட முக்கியம், தாழப் பறக்கும் சிறு விமானத்தில் மணிக்கணக்காகத் திரையைப் பார்த்தால் பலருக்குக் குமட்டும். கட்டணம் கட்டுவதற்கு முன் அவளை ஒருமுறை சிறு விமானத்தில் ஏற்றிவிடுங்கள். வழி நெடுக ஜன்னலைப் பார்க்காமல் மடிக்கணினியைப் பார்த்து வரச் சொல்லுங்கள். இறங்கி வந்ததும் அவளையே கேளுங்கள்.