செயின் சா: 180 பெரிதா, 5800 பெரிதா?

கேள்வி: பேராவூரணி பக்கம் 5 ஏக்கர் தென்னந்தோப்பு இருக்கிறது. காய்ப்பு ஓய்ந்த 40 மரங்களை எடுக்க வேண்டும். வேலியோரம் சீமைக் கருவேலம் மண்டிக் கிடக்கிறது. செயின் சா வாங்கக் கடைக்குப் போனால் ஸ்டில் எம்எஸ் 180, எம்எஸ் 250, ஹஸ்க்வர்னா 120, 450, எக்கோ சிஎஸ்-400 என்று அடுக்குகிறார்கள். பேர் தெரியாத கம்பெனியின் 5800 என்ற மெஷினும் இருக்கிறது. 58 சிசி, 22 அங்குல பார் (செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு), விலையோ பாதிக்கும் கீழே. எண் பெரிதானால் மெஷினும் பெரிதா ஐயா? எதை வாங்கலாம்?

பதில்: ஒரே கம்பெனிக்குள் எண் கூடினால் பெரும்பாலும் மெஷினும் பெரிதாகும். ஒரு கம்பெனி எண்ணை இன்னொரு கம்பெனி எண்ணோடு ஒப்பிட்டால் கணக்கு உதைக்கும். ஒவ்வொருவர் எண் போடும் முறையும் வேறு.

ஸ்டில்லில் எம்எஸ் என்றால் பெட்ரோலில் ஓடும் செயின் சா. எம்எஸ்ஏ பேட்டரியில் ஓடுவது, எம்எஸ்இ கரண்டில் ஓடுவது. எண் சிசி அல்ல. எம்எஸ் 180 வெறும் 31.8 சிசி, எம்எஸ் 250 45.4 சிசி. முன்னால் உள்ள இலக்கங்கள் மெஷினின் வகுப்பைச் சொல்லும், கடைசி இலக்கம் அது எத்தனையாவது பதிப்பு என்பதை. 381-க்குப் பிறகு 382 வந்தது, இரண்டும் 72.2 சிசிதான். ஆகவே 381-ஐ விட 382 ‘ஒரு படி பெரிசு’ என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். மர டிப்போக்களில் இன்றும் பேசப்படும் பழைய 070 நூறு சிசிக்கு மேலே போகும் முரட்டு மெஷின். எண்ணைப் பார்த்தால் எம்எஸ் 180-க்குத் தம்பி என்றுதான் தோன்றும்! எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்துகள் வசதிகளைக் குறிக்கும். பி இருந்தால் ஸ்பேனர் இல்லாமல் செயினை இறுக்கலாம். இ இருந்தால் கயிற்றை லேசாக இழுத்தாலே கிளம்பும். எம் என்றால் கார்புரேட்டரை மெஷினே ட்யூன் செய்துகொள்ளும். டி என்றால் கைப்பிடி மேலே இருக்கும் மெஷின். அது கயிறு கட்டி மரமேறி வேலை செய்யப் பழகியவர்களுக்கானது. சின்னதாக, லேசாக இருக்கிறது என்று அதைத் தோட்டத்துக்கு வாங்காதீர்கள்.

ஹஸ்க்வர்னாவில் கடைசி இரண்டு இலக்கங்கள் ஏறக்குறைய சிசியைச் சொல்லும், முதல் இலக்கம் வரிசையை. 450 என்றால் 50.2 சிசி, 455 என்றால் 55.5, 372 என்றால் 70.7. ஆனால் 120 இந்தக் கணக்கில் அடங்காது, அது 38.2 சிசி. 435-ம் உண்மையில் 40.9 சிசி. எக்ஸ்பி என்று முடிந்தால் தொழில்முறை மரவெட்டிகளுக்கான மெஷின், விலையும் அப்படித்தான் இருக்கும். எக்கோவில் சிக்கல் குறைவு: சிஎஸ்-400 என்றால் 40.2 சிசி, சிஎஸ்-590 என்றால் 59.8. மகிட்டாவும் இஏ3201 என்றால் 32 சிசி என்று நேராகவே எண் போட்டது. ஆனால் 2022-ல் அந்தக் கம்பெனி பெட்ரோல் இன்ஜின் தயாரிப்பையே நிறுத்திவிட்டது. கடையில் மிச்சமிருப்பதைத் தள்ளுபடியில் கொடுத்தால் ஸ்பேரையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

இனி அந்த 5800. ஸ்டிக்கரை விட்டுவிட்டு ஸ்பேர் கடையில் அதன் பிஸ்டன் கிட் பாக்கெட்டைக் கேட்டுப் பாருங்கள். இந்த வகையில் பரவலாக வருவது 45.2 மி.மீ. விட்டம், ஸ்ட்ரோக் (பிஸ்டன் மேலும் கீழும் நகரும் தூரம்) 32.5 அல்லது 34 மி.மீ. கணக்கு எளிது: விட்டத்தை செ.மீ.-இல் எடுத்து அதையே அதனால் பெருக்கி, 0.785-ஆலும் ஸ்ட்ரோக்காலும் பெருக்குங்கள். 4.52 × 4.52 × 0.785 × 3.4 = 54.5 சிசி. ஸ்ட்ரோக் 3.25 என்றால் 52. இதே பிஸ்டனை வைத்துக்கொண்டு 62 சிசி என்று ஸ்டிக்கர் ஒட்டியும் விற்கிறார்கள். 62 வரவேண்டுமானால் ஸ்ட்ரோக் 38 மி.மீ.-க்கு மேல் இருக்க வேண்டும்.

சிசியை விட கிலோவாட்டைக் கேளுங்கள். எம்எஸ் 180-உம் ஹஸ்க்வர்னா 120-உம் சிசியில் ஆறு வித்தியாசம், ஆனால் சக்தி இரண்டிலும் ஏறக்குறைய 1.4 கிலோவாட். எடையில் ஸ்டில் சுமார் 4 கிலோ, ஹஸ்க்வர்னா 4.85. நாள் முழுக்கக் கையில் பிடிப்பவருக்கு அந்த முக்கால் கிலோ பெரிய விஷயம். எம்எஸ் 250 2.3 கிலோவாட், 4.6 கிலோ, ஹஸ்க்வர்னா 450 2.4 கிலோவாட், 5 கிலோவை ஒட்டி. கேட்லாக் எடை பார், செயின், பெட்ரோல் இல்லாமல் போட்டது. கையில் வரும்போது ஒன்றரை கிலோவாவது கூடும். ஹெச்பியில் சொன்னால் 1.34-ஆல் வகுத்துக் கிலோவாட் ஆக்கிக்கொள்ளுங்கள்.

உங்கள் வேலைக்கு 45 முதல் 50 சிசி வகுப்பும் 16 அங்குல பாரும் சரியாக இருக்கும். கருவேலத்துக்கு மட்டும் என்றால் எம்எஸ் 180 போதும் என்றிருப்பேன். தென்னை அப்படியல்ல. பழந்தமிழில் சொல்வதுபோல் அது புறக்காழ். வைரம் முழுக்க வெளிச்சுற்றில், உள்ளே சோறு. செயின் முதலில் மோதுவதே கடினமான இடத்தில். தூர்ப்பகுதியில் மண் வேறு ஏறியிருக்கும். அதனால் அடியை மண்வெட்டியால் சுரண்டிவிட்டு, தரையிலிருந்து ஒரு சாண் மேலே அறுங்கள். 22 அங்குல பார் உங்களுக்குத் தேவையே இல்லை. 54 சிசி இன்ஜின் அவ்வளவு நீளச் செயினை இழுக்கும்போது திணறும், நுனிவரை ஆயிலும் சரியாகப் போகாது, பார் சூடேறி நீலம் பாய்ந்துவிடும்.

வாங்கிய பிறகு பலரும் ஏமாறுவது செயினில்தான். ‘16 அங்குல செயின் கொடுங்க’ என்று கேட்டால் தவறானதும் வரும். செயினைக் கையில் எடுத்து, பாரின் பள்ளத்துக்குள் ஓடும் அடிப்பல்லைப் பாருங்கள். ஸ்டில் செயினில் அங்கே ஓர் எண் பதிந்திருக்கும்: 1 என்றால் 1.1 மி.மீ. தடிமன், 3 என்றால் 1.3, 5 என்றால் 1.5, 6 என்றால் 1.6. வெட்டும் பல்லில் இருக்கும் எண் செயின் கண்ணிகளின் இடைவெளிக்கு (அங்குலக் கணக்கில்): 6 என்றால் 3/8 சின்னது, 2 என்றால் .325, 3 என்றால் 3/8 பெரியது. எம்எஸ் 250-க்கு 16 அங்குலத்தில் .325, 1.6 மி.மீ., 62 அடிப்பல். ஹஸ்க்வர்னா 450-க்கு அதே 16 அங்குலத்தில் .325 ஆனால் 66 அடிப்பல், தடிமன் 1.5 அல்லது 1.3. ஒன்றின் செயின் மற்றதில் ஏறாது. 1.5 செயினை 1.6 பள்ளத்தில் ஓட்டினால் ஆடும், வெட்டு கோணும். பாரின் அடிப்பகுதித் துளையும் கம்பெனிக்குக் கம்பெனி வேறு. .325-க்கு 4.8 மி.மீ. உருண்டை அரம், 3/8 சின்னதற்கு 4 மி.மீ. தென்னையில் இரண்டு தடவை பெட்ரோல் ஊற்றினால் ஒரு தடவை அரம் போட வேண்டியிருக்கும். சீவலாக வராமல் மாவாக வந்தால் பல் மழுங்கிவிட்டது. மெஷினை அழுத்தி அறுக்காதீர்கள், கிளட்ச் எரியும்.

பெட்ரோலில் கலக்கும் டூடி (2T) ஆயில் கம்பெனியுடையது என்றால் 50-க்கு 1, அதாவது 5 லிட்டருக்கு 100 மி.லி. ஸ்டில் மெஷினில் வேறு டூடி ஆயில் ஊற்றினால் 25-க்கு 1. பைக் இன்ஜின் ஆயில் கூடவே கூடாது. கலந்ததை ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும், கார்புரேட்டரின் டயாஃப்ரம் (உள்ளிருக்கும் மெல்லிய சவ்வு) விறைத்துப்போகும். ஓய்வுக்கு வைக்கும்முன் டேங்கைக் காலி செய்து, தானே நிற்கும்வரை ஓடவிடுங்கள். செயின் ஆயில் டேங்க் தனி. ஒரு டேங்க் பெட்ரோல் தீரும்போது அதுவும் ஏறக்குறைய தீர வேண்டும். நிறைய மிச்சமிருந்தால் ஆயில் துளை அடைத்திருக்கிறது.

எம்எஸ் 250-க்கும் 450-க்கும் நடுவே நான் சக்தியை வைத்து முடிவெடுக்க மாட்டேன். பட்டுக்கோட்டையிலோ அறந்தாங்கியிலோ சர்வீஸ் கடைக்குப் போய் கிளட்ச் ஸ்ப்ராக்கெட், ஆயில் பம்ப், கார்புரேட்டர் கிட் மூன்றும் இப்போதே கையில் இருக்கிறதா, என்ன விலை என்று கேளுங்கள். மூன்றையும் எடுத்து மேசையில் வைக்கிற கடையின் பிராண்டை வாங்குங்கள். 5800-க்கு ஸ்பேர் மலிவு, எங்கும் கிடைக்கும் என்பது உண்மைதான். ஆனால் 40 மரத்துக்குள் நீங்கள் அதைத் தேடிப் போக வேண்டியிருக்கும்.

வெட்டிய தென்னந்துண்டுகளைத் தோப்பிலேயே போட்டுவைக்காதீர்கள். மக்கத் தொடங்கியதும் காண்டாமிருக வண்டு முட்டையிட அங்கேதான் வரும்.