டயாலிசிஸ் தொடங்கியபின் ஞாயிறு பள்ளியை விட்டது விசுவாசக் குறைவா?

இல்லை. வகுப்பை இன்னொருவரிடம் கொடுத்ததற்காக மனம் குத்துகிறது என்கிறீர்கள். தன்னோடு பயணம் செய்த துரோப்பீமுவை மிலேத்து பட்டணத்தில் வியாதியோடு விட்டுவந்ததாக 2 தீமோத்தேயு 4:20இல் பவுலே எழுதுகிறார். கண்டித்து ஒரு வார்த்தை கிடையாது. சாகக் கிடந்து பிழைத்த தன் உடன் ஊழியர் எப்பாப்பிரோதீத்துவை ஊருக்கு அனுப்பி, கனம்பண்ணச் சொல்கிறார்.

ஓடியாடினால்தான் ஊழியம் என்று நம் சபைகளில் பழகிவிட்டோம், அதுதான் உங்களை அரிக்கிறது என்று நினைக்கிறேன். டோனாவூரில் ஊழியம் செய்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் 1931இல் விழுந்து அடிபட்டபின், 1951இல் இறக்கும்வரை பெரும்பாலும் அறையிலேயே இருந்தார். புத்தகங்கள் பல அங்கிருந்துதான் வந்தன.

இரண்டு வாரம், எந்த நேரம் தெம்பாக இருக்கிறது என்று குறித்துப் பாருங்கள். டயாலிசிஸ் அன்று சாயங்காலம் அநேகமாகத் தேறாது. மறுநாள் காலை பரவாயில்லை என்று வரலாம். அந்த நேரத்தில், யூனிட்டில் பக்கத்துக் கட்டிலில் படுத்திருப்பாரே, அவருக்கு ஒரு போன் போடுங்கள். சாப்பிட்டாரா என்று கேட்டால்கூடச் சரி, பிரசங்கம் வேண்டாம்.

ஆனால் கூட்டத்துக்காக டயாலிசிஸைத் தள்ளிப்போடாதீர்கள், பாஸ்டரே கூப்பிட்டாலும். அப்புறம், சோர்வு திடீரென்று கூடினால் ஹீமோகுளோபின் இறங்கியிருக்கலாம், டாக்டரிடம் சொல்லுங்கள். மூச்சு வாங்கினால் அன்றைக்கே போய்விடுங்கள்.