ப்ளஸ் டூ மார்க்கும் பக்கத்து மாநில டாக்டர் சீட்டும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் மகள் ப்ளஸ் டூவில் 600-க்கு 571. நீட் மார்க் சுமார்தான். இந்த மார்க்கைக் காட்டி புதுச்சேரி ஜிப்மரிலோ வேறு மாநிலக் கல்லூரியிலோ எம்.பி.பி.எஸ். வாங்க முடியுமா?
– ஒரு வாசகி, நெல்லிக்குப்பம்

பதில்: 571 உழைத்து வாங்கிய மார்க், மகளுக்கு வாழ்த்துகள். ஆனால் எம்.பி.பி.எஸ்.ஸுக்கு அது தகுதி பார்க்க மட்டும்தான், ரேங்க்கில் சேராது. 2016 வரை தமிழ்நாட்டில் உயிரியலுக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று 200-க்கு கட்-ஆஃப் போட்டார்கள். அந்தக் கணக்கைப் பல வீடுகளில் இன்னும் காலண்டர் தாளின் பின்பக்கம் போட்டுப் பார்க்கிறார்கள். 2017 முதல் ரேங்க் என்றால் நீட் ரேங்க்தான், எந்த மாநிலமானாலும்.

தகுதிக்குக்கூட 600-ஐப் பார்ப்பதில்லை. இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் சேர்த்து 300-க்கு 150 வேண்டும், பி.சி., எம்.பி.சி., எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 120 போதும். மூன்றிலும் ஆங்கிலத்திலும் தேறியிருக்க வேண்டும். தமிழில் 98 எடுத்தது இங்கே கணக்கில் வராது.

நீட்டில் '50 பர்சென்டைல்' என்பதை 720-இல் பாதி, அதாவது 360 என்று நினைத்துப் பயப்படுகிறவர்கள் உண்டு. அது எழுதியவர்களில் பாதிப் பேரைத் தாண்டியிருக்க வேண்டும் என்ற கணக்கு. 2025-இல் பொதுப் பிரிவுக்கு அது 144 மார்க்கில் நின்றது, ஓ.பி.சி., எஸ்.சி., எஸ்.டி.க்கு 113-இல். அந்த மார்க்கில் அரசுக் கல்லூரி கிடைக்கும் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். கவுன்சலிங்கில் நிற்கலாம், அவ்வளவே.

வெளிமாநில அரசுக் கல்லூரிக்கு வழி, அரசுக் கல்லூரி இடங்களில் அகில இந்திய ஒதுக்கீட்டுக்கு என்று விடும் 15 சதவீதம். மத்திய கவுன்சலிங் கமிட்டி (எம்.சி.சி.) நடத்துவது. 2020 முதல் ஜிப்மருக்கும் நீட்தான், எம்.சி.சி.தான். அங்கே புதுச்சேரிக்காரர்களுக்கென்று உள்ள இடங்கள் போக மீதியில், கடலூர்ப் பிள்ளையும் டெல்லிப் பிள்ளையும் ஒரே வரிசை.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். தமிழ்நாட்டுக் கவுன்சலிங்கில் எம்.பி.சி.க்குத் தனியாக 20 சதவீதம், பி.சி.க்கு 30. மத்திய ஒதுக்கீட்டில் எம்.பி.சி. என்ற பிரிவே கிடையாது, எல்லோரும் ஓ.பி.சி. 27 சதவீதத்துக்குள். அதற்கும் தமிழ்நாட்டுச் சாதிச் சான்றிதழ் செல்லாது. மத்திய அரசுப் படிவத்தில், 'கிரீமி லேயர்' (வசதி படைத்த பிரிவு) இல்லை என்று நடப்பு நிதியாண்டில் வாங்கிய ஓ.பி.சி. சான்றிதழ் வேண்டும். போன வருஷத்துச் சான்றிதழோடு போய் பொதுப் பிரிவில் தள்ளப்பட்டால் அதே மார்க்குக்கு சீட் கைவிட்டுப் போகும். ஆகவே அதே நீட் மார்க்குக்கு உங்கள் மகளுக்குச் சொந்த மாநிலத்து 85 சதவீதத்தில்தான் வாய்ப்பு அதிகம்.

அந்த 571 வீண் இல்லை. கால்நடை மருத்துவம், வேளாண்மை, பி.எஸ்சி. நர்சிங் ஆகியவற்றுக்குத் தமிழ்நாட்டில் ப்ளஸ் டூ மார்க்கில்தான் தரவரிசை. அந்த விண்ணப்பங்களையும் கடைசித் தேதிக்கு முன்பே போட்டுவிடுங்கள்.

கேள்வி: வீடு கடலூர் மாவட்டம் ரெட்டிச்சாவடி. பையன் ஆறு முதல் பத்து வரை புதுச்சேரியில் பாகூர் பக்கம் படித்தான்; ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ கடலூரில். அவன் எந்த மாநிலத்துப் பிள்ளை? இரண்டிலும் போடலாமா?
– ஒரு வாசகர், ரெட்டிச்சாவடி

பதில்: தமிழ்நாட்டுப் பிள்ளைதான். ஆனால் காகிதத்தில் நிரூபிக்க வேண்டும். ஆறு முதல் ப்ளஸ் டூ வரை முழுக்கத் தமிழ்நாட்டில் படித்தவர்களிடம் நேட்டிவிட்டி (பிறப்பிடச் சான்றிதழ்) கேட்பதில்லை. நடுவில் ஒரு வருஷம் எல்லை தாண்டியிருந்தாலும் கேட்பார்கள். இ-சேவை மையத்தில் பையன் பெயரில் பிறப்பிடச் சான்றிதழுக்கு இப்போதே விண்ணப்பியுங்கள். பெற்றோரின் பள்ளி அல்லது பட்டச் சான்றிதழ், ரேஷன் கார்டு, ஆதார் எல்லாவற்றிலும் பெயரின் எழுத்தும் இனிஷியலும் ஒத்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். ரிசல்ட் வந்தபின் தாலுகா அலுவலகத்துக்கு ஓடினால் நாள் போதாது.

ஒரு வருத்தமான விஷயம்: ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு, தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளுக்கு மட்டும். பாகூரில் படித்தது அரசுப் பள்ளியே ஆனாலும் பையனுக்கு அது கிடைக்காது. எல்லையோரப் பெற்றோர் ஐந்தாம் வகுப்பு முடிகிறபோதே இதை யோசித்துக்கொள்ள வேண்டும்.

புதுச்சேரியில் சென்டாக் (அந்த அரசின் மாணவர் சேர்க்கைக் குழு) நடத்தும் அரசு ஒதுக்கீட்டுக்கு ஐந்து ஆண்டு தொடர்ந்து அங்கே குடியிருந்ததற்கான சான்று வேண்டும். தினமும் பஸ்ஸில் போய்ப் படித்தது குடியிருப்பு ஆகாது. உறவினர் வீட்டு முகவரியில் சான்றிதழ் வாங்கி இரண்டு பக்கமும் சொந்த மாநிலம் என்று போட்டால், இரண்டு பட்டியலையும் ஒப்பிடும்போது பெயர் வெளியே வந்துவிடும். இரண்டு சீட்டும் போகும். செய்யாதீர்கள். சென்டாக்கில் தனியார் கல்லூரி மேனேஜ்மென்ட் இடங்களுக்கு வெளிமாநிலத்தவராகவே நேர்மையாக விண்ணப்பிக்கலாம்.

கேள்வி: புதுச்சேரியின் கிருமாம்பாக்கம், பிள்ளையார்குப்பம் மருத்துவக் கல்லூரிகள் கடலூர் ரோட்டிலேயே இருக்கின்றன. பக்கத்து ஊர்க்காரர் என்று சலுகை உண்டா?
– ஒரு வாசகர், கடலூர்

பதில்: கிடையாது. இரண்டும் நிகர்நிலைப் பல்கலைக்கழகக் கல்லூரிகள். சென்டாக்கில் தேடாதீர்கள், எம்.சி.சி.யில் போட வேண்டும். நிகர்நிலைக்குப் பதிவின்போது கட்டும் டெபாசிட் மட்டும் 2 லட்சம் ரூபாய். முதல் சுற்றில் கிடைத்த சீட் பிடிக்கவில்லை என்றால் சேராமல் விடலாம், நஷ்டமில்லை. இரண்டாம் சுற்றில் கிடைத்துச் சேராவிட்டால் டெபாசிட் திரும்பாது. ஆகவே கட்ட முடியாத ஃபீஸ் உள்ள கல்லூரியை இரண்டாம் சுற்று சாய்ஸில் வைக்காதீர்கள்.