சூரிய மின் பூங்காவும் கிராமசபையும்

கேள்வி: எங்கள் கிராமத்து மானாவாரி நிலங்களில் சூரிய மின் பூங்கா அமைக்க ஒரு நிறுவனம் குத்தகை பேசி வருகிறது. பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்துவார்களா? – வாசகர், ராமநாதபுரம் மாவட்டம்

பதில்: நடத்த வேண்டிய கட்டாயம் இல்லை. 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் கீழ் சூரிய ஒளி மின் திட்டங்களுக்கு முன் அனுமதி தேவையில்லை என்பதால், அனல் மின் நிலையத்துக்கு நடப்பதைப் போன்ற கருத்துக்கேட்பு இதற்கு நடப்பதில்லை. இது பெரிய குறை என்றே கருதுகிறேன். உங்கள் மாவட்டத்துக் கமுதியில் 2016இல் தொடங்கிய 648 மெகாவாட் நிலையம் ஏறத்தாழ 2,500 ஏக்கரில் பரந்திருக்கிறது. அத்தனை நிலம் வேலிக்குள் போகும்போது பட்டாதாரர்கள் மட்டுமல்லாமல், அறுவடைக்குப் பின் அங்கே ஆடு மேய்ப்பவர்களும் கூலி வேலைக்குச் செல்பவர்களும் பாதிக்கப்படுகிறார்கள், ஆனால் குத்தகைப் பத்திரத்தில் இவர்களுக்கு இடமில்லை.

ஆகவே கையெழுத்துக்கு முன்பே கிராமசபையில் இதைப் பொருளாக வைத்து, நிறுவனத்தாரை வரைபடத்துடன் வரவழையுங்கள். கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் ஓடைகளும் வரத்துக்கால்களும் வேலிக்குள் அடைபடுமா, தகடுகளைக் கழுவத் தண்ணீர் எங்கிருந்து எடுக்கப்படும், குத்தகை முடிந்தபின் தகடுகளை அகற்றும் பொறுப்பு யாருடையது என்பவற்றுக்கு எழுத்துமூலம் பதில் பெற்று, அவற்றைத் தீர்மானத்தில் பதிவு செய்யுங்கள்.