பிரிட்ஜுக்கு இப்போதே துளை போட வேண்டாம்

எலெக்ட்ரிக் கிட்டாருக்குத் தேக்கில் பாடி அறுத்து, நெக் (கழுத்து) பொருந்தும் குழியும் தோண்டிவிட்டு, பிரிட்ஜில் ஒவ்வொரு தந்தியையும் தாங்கும் சேடில் நகரும் தூரத்தின் நடுப்பகுதியை, நட்டிலிருந்து (நெக்கின் தலைப்பக்கம் தந்திகளைத் தாங்கும் துண்டு) 648 மி.மீ. கோட்டில் வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படி வைக்காதீர்கள். தடித்த தந்திகளுக்குச் சேடில் பின்னால் போக இடம் போதாமல், மேல் ஃபிரெட்களில் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகள்) சுருதி ஏறிவிடலாம்.

முதலில் நெக்கைத் திருகி இறுக்குங்கள். நட்டின் ஃபிரெட்போர்டு பக்க விளிம்பிலிருந்து 12ஆம் ஃபிரெட்டின் உச்சி வரை அளந்தால் ஏறக்குறைய 324 மி.மீ. வர வேண்டும். அதன் இருமடங்குதான் உங்கள் கோடு. வரைபடத்தைவிட இந்த அளவையே நம்புங்கள். மெல்லிய ஈ தந்தியின் சேடிலை முழுக்க முன்னால் தள்ளி, இரண்டு மி.மீ. மட்டும் பின்னிழுத்து, அதன் உச்சியைக் கோட்டில் நிறுத்துங்கள். தடித்த ஈ அதற்குச் சில மி.மீ. பின்னால்தான் நிற்கும்.

அப்புறம் பக்கவாட்டு நேர். பிரிட்ஜை மாஸ்கிங் டேப்பால் ஒட்டி, இரண்டு ஈ தந்திகளின் இடத்திலும் தையல் நூலை இழுத்துக் கட்டிப் பாருங்கள். கடைசி ஃபிரெட்டில் இருபுறமும் விளிம்பு இடைவெளி சமமாக இருக்கிறதா? இல்லையென்றால் பிரிட்ஜை நகர்த்துங்கள். நெக்கை வளைத்துச் சரிசெய்யப் பார்க்காதீர்கள்.

நேராக வந்தால் சரி, குறியிடலாம். திருகைவிடச் சற்றுச் சிறிய துளை போட்டு, திருகு மரையில் மெழுகு தேயுங்கள். பிரிட்ஜின் அடிக்கு எர்த் கம்பி வரும் துளையை அதற்கு முன்பே போட்டுவிடுங்கள்.